கண்ணால் காண முடியாததைக் காட்சிக்கு வைத்தவர்கள்: ஊர் ஊராகச் சென்ற கருந்துளைக் கண்காட்சி

நூதனசாலைக்குப் போகிறவர்கள் எதையாவது பார்க்கத்தான் போகிறார்கள். பழைய நாணயம், கல்வெட்டு, திமிங்கிலத்தின் எலும்புக்கூடு என்று ஏதோ ஒன்று கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும். அது எங்கே கிடைத்தது, எந்தக் காலத்தது என்று பக்கத்தில் ஒரு சிறிய அட்டை சொல்லும். கருந்துளைகளைப் பற்றிக் கண்காட்சி அமைக்கப் புறப்பட்டவர்களிடம் பெட்டிக்குள் வைக்க எதுவும் இருக்கவில்லை. ஒளியே வெளிவர முடியாத ஒன்றின் துண்டை எங்கிருந்தும் கொண்டுவர முடியாது. அந்த நேரத்தில் அதன் படம்கூட உலகில் எவரிடமும் இல்லை.

அப்படியிருந்தும் 2009 ஜூன் மாதம் அமெரிக்காவின் பொஸ்டன் நகரிலுள்ள விஞ்ஞான நூதனசாலையில் அந்தக் கண்காட்சி திறக்கப்பட்டது. அதன் பெயரைத் தமிழில் 'கருந்துளைகள்: வெளியின் வளைவுகள், காலத்தின் முறுக்குகள்' என்று சொல்லலாம். ஹாவர்ட்-ஸ்மித்சோனியன் வானியற்பௌதிக மையத்தின் கல்விப் பிரிவு அதை உருவாக்கியது. அமெரிக்கத் தேசிய விஞ்ஞான நிறுவகமும் நாசாவும் பணம் கொடுத்தன. மொத்தப் பரப்பு 2,500 சதுர அடி. ஐம்பதுக்கு ஐம்பது அடி மண்டபம் ஒன்றுக்குள் அடங்கிவிடும் அளவு. பொஸ்டனோடு நிற்காமல் வேறு நகரங்களுக்கும் கழற்றிக்கொண்டு போகத்தக்கதாக அது கட்டப்பட்டிருந்தது.

இல்லாத பொருளுக்குப் பதிலாக அவர்கள் வைத்தது சாட்சியங்களை. ஒரு கருந்துளை இருக்கிறது என்று வானியலாளர்கள் எதை வைத்துச் சொல்கிறார்கள் என்பதைப் பார்வையாளரே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். வாசலில் ஒவ்வொருவருக்கும் பட்டைக்குறியீடு பதித்த ஓர் அட்டை கொடுக்கப்பட்டது. ஒவ்வொரு மேசையிலும் அட்டையைக் காட்டித் தாம் கண்டுபிடித்ததைப் பதிவு செய்யலாம். வீட்டுக்குப் போனபின் இணையத்தில் அந்தப் பதிவுகளைத் திரும்பப் பார்க்கலாம். பார்வையாளரை ஆராய்ச்சியாளரின் இடத்தில் நிறுத்தும் இந்த ஏற்பாடு வெறும் விளையாட்டு அல்ல. கருந்துளை விடயத்தில் ஆராய்ச்சியாளருக்கும் வேறு வழி கிடையாது.

தவறான எண்ணங்களைத் தெரிந்துகொள்ளல்

இப்படியான கண்காட்சிகளை உருவாக்குவோர் முதலில் தச்சரையோ ஓவியரையோ அழைப்பதில்லை. மக்களிடம் கேள்வி கேட்கப் போகிறார்கள். கருந்துளை என்றால் என்னவென்று நினைக்கிறீர்கள், ஒரு படம் வரைந்து காட்டுங்கள், அதற்குப் பக்கத்தில் போனால் என்ன நடக்கும் என்று கேட்டு, வரும் விடைகளை எழுதிக்கொள்கிறார்கள். பிறகு காட்போட்டிலும் பழைய கணினியிலும் மாதிரிகள் செய்து, உண்மையான பார்வையாளர்களிடம் கொடுத்துப் பார்க்கிறார்கள். எது விளங்கவில்லையோ அது மாற்றப்படும் அல்லது தூக்கி வீசப்படும். கண்காட்சி திறந்த பிறகு மூன்றாவது தடவையும் மதிப்பீடு உண்டு. செலவில் கணிசமான பங்கு இதற்கே போகிறது என்பதைக் கேட்டால் நமது ஊரில் பலர் வியப்படையக்கூடும்.

மக்களிடம் திரும்பத் திரும்பக் காணப்படும் தவறான எண்ணங்கள் சில. கருந்துளை ஒரு பள்ளம்; அது தூசு உறிஞ்சும் இயந்திரம்போல எல்லாவற்றையும் இழுக்கிறது; ஒரு நாள் பூமியையும் விழுங்கிவிடும்.

உண்மை வேறு. சூரியன் இருக்கும் இடத்தில் அதே திணிவுள்ள ஒரு கருந்துளையை வைத்தால், பூமி இன்று சுற்றும் அதே பாதையில்தான் சுற்றிக்கொண்டிருக்கும். இருட்டும் குளிரும் வந்துவிடும் என்பது வேறு கதை. ஆனால் எவரும் எவரையும் உறிஞ்ச மாட்டார்கள். ஈர்ப்பைத் தீர்மானிப்பது திணிவும் தூரமும்தான். கருந்துளையின் தனித்தன்மை அந்தத் திணிவு எவ்வளவு சிறிய இடத்துக்குள் நெருக்கப்பட்டிருக்கிறது என்பதில் உள்ளது. சூரியனைக் கருந்துளையாக்க வேண்டுமானால் அதை ஏறக்குறைய 3 கிலோமீற்றர் ஆரைக்குள் அமுக்க வேண்டும். பூமியை என்றால் 9 மில்லிமீற்றர் ஆரைக்குள். சிறுவர்கள் விளையாடும் போளையின் அளவு. ஒரு கண்ணாடிப் போளையை மேசையில் வைத்து, 'மலைகளும் கடல்களும் நீங்களும் இதற்குள்' என்று எழுதி வைத்தால் போதும். நூறு சொற்களில் விளக்க முடியாததை அது விளக்கிவிடும்.

பெயரும் குழப்பத்துக்கு ஒரு காரணம். அமெரிக்கப் பௌதிகவியலாளர் ஜோன் வீலர் 1967இல் ஒரு விரிவுரையில் பயன்படுத்திய பிறகே 'கருந்துளை' என்ற பொருள்படும் ஆங்கிலப் பெயர் பரவியது. துளை என்றால் எதிலோ இருக்கும் ஓட்டை என்றுதான் மனம் நினைக்கும். தமிழில் சிலர் 'கருங்குழி' என்றும் எழுதுகிறார்கள். பதுங்குகுழிக்குள் பிள்ளைப் பருவத்தைக் கழித்த ஒரு தலைமுறைக்குக் குழி என்ற சொல் வேறெதையோ நினைவூட்டும். பாடப் புத்தகங்களில் ஊன்றிவிட்ட 'கருந்துளை'யையே இக்கட்டுரையும் பின்பற்றுகிறது.

சுற்றி இருப்பவை சொல்லும் சாட்சியம்

இங்கிலாந்தில் ஜோன் மிச்செல் என்ற பாதிரியார் 1783இலேயே, ஒளிகூடத் தப்ப முடியாத அளவு ஈர்ப்புள்ள விண்மீன்கள் இருக்கலாம் என்று எழுதினார். பூமியை விட்டுத் தப்ப ஒரு பொருள் செக்கனுக்கு 11.2 கிலோமீற்றர் வேகத்தில் கிளம்ப வேண்டும். சூரியனை விட்டுத் தப்ப 618 கிலோமீற்றர் வேகம் வேண்டும். இப்படியே ஏறிக்கொண்டு போனால் ஓரிடத்தில் ஒளியின் வேகமான 3 இலட்சம் கிலோமீற்றரும் போதாமல் போகும். அப்படிப்பட்ட விண்மீனைக் காண முடியாதே என்ற கேள்விக்கும் மிச்செல் விடை வைத்திருந்தார். அதைச் சுற்றி ஒளிரும் வேறொரு விண்மீன் ஓடுமானால், அந்த ஓட்டத்திலிருந்து மறைந்திருப்பதைக் கண்டுகொள்ளலாம் என்றார்.

ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளின் பின்னர் அப்படியேதான் நடந்தது. 1964இல் ஒரு ரொக்கெட் ஏற்றிச் சென்ற கருவி அன்னம் விண்மீன் குழுவின் திசையில் எக்ஸ் கதிர்கள் வருவதைப் பதிவு செய்தது. 1970 டிசம்பர் 12ஆம் திகதி கென்யக் கரையோரத்திலிருந்து எக்ஸ் கதிர்களுக்கெனவே ஒரு செய்மதி ஏவப்பட்டது. அன்று கென்யாவின் சுதந்திர தினம். ஆகவே செய்மதிக்கு 'உகுரு' என்று பெயரிட்டார்கள். சுவாகிலி மொழியில் விடுதலை என்று பொருள். அந்தச் செய்மதியின் தரவுகள் அன்னம் எக்ஸ்-1 எனப்பட்ட அந்த மூலத்தின் பக்கம் வானியலாளர்களைத் திருப்பின. 1971இல் பிரித்தானியாவிலும் கனடாவிலும் இருந்த ஆய்வாளர்கள் தனித்தனியே ஒரே முடிவுக்கு வந்தார்கள். அங்கே ஒரு பெரிய நீல விண்மீன், கண்ணுக்குப் புலப்படாத ஒன்றை 5.6 நாட்களுக்கு ஒரு தடவை சுற்றிக்கொண்டிருந்தது. அந்தத் துணைவனின் திணிவு சூரியனைப் போல் 21 மடங்கு என்பது 2021இல் வெளியான கணிப்பு.

நமது பால்வீதியின் மையத்தில் நடந்தது இன்னும் நீண்ட விசாரணை. ஜேர்மனியைச் சேர்ந்த ரைன்ஹார்ட் கென்செல் குழுவும், அமெரிக்காவின் அந்திரியா கெஸ் குழுவும் 1990களின் முற்பகுதியில் தொடங்கி, மையத்தை ஒட்டிய விண்மீன்களின் இருப்பிடத்தை ஆண்டுக்கு ஆண்டு குறித்துக்கொண்டே வந்தன. எஸ்-2 என்ற விண்மீன் 16 ஆண்டுகளில் ஒரு சுற்றை முடிக்கிறது. அதன் பாதை நீண்ட முட்டை வடிவம். முட்டையின் ஒரு பக்கத்தில், எதுவுமே தெரியாத ஒரு புள்ளியை அது சுற்றி வளைந்து திரும்புகிறது. அந்தப் புள்ளியில் சூரியனைப் போல் 40 இலட்சம் மடங்கு திணிவு இருக்க வேண்டும் என்று கணக்குச் சொன்னது. 2020ஆம் ஆண்டின் பௌதிகவியல் நோபல் பரிசை இவ்விருவரும், கணித அடிப்படையில் கருந்துளைகளை நிறுவிய ரோஜர் பென்ரோசும் பகிர்ந்துகொண்டார்கள்.

கண்காட்சி அமைப்பாளருக்கு எஸ்-2 ஒரு வரப்பிரசாதம். பல ஆண்டுகளாக எடுத்த படங்களைத் தொடராக ஓடவிட்டால், ஒரு பிள்ளையே விரலை வைத்து 'இங்கேதான் ஏதோ இருக்கிறது' என்று காட்டிவிடும். அந்த இடத்தில் திரை வெறும் கறுப்பாக இருக்கும். என் பார்வையில், மற்ற எல்லா மேசைகளையும் எடுத்துவிட்டு இதை மட்டும் வைத்தாலும் கண்காட்சி நிற்கும்.

2009இல் இல்லாத இரண்டு சாட்சியங்கள் இன்று உள்ளன. 2015 செப்டெம்பர் 14ஆம் திகதி அமெரிக்காவில் 3,000 கிலோமீற்றர் இடைவெளியிலுள்ள இரண்டு லைகோ நிலையங்களில், 7 மில்லிசெக்கன் வித்தியாசத்தில் ஒரே அதிர்வு பதிவாகியது. சுமார் 130 கோடி ஒளியாண்டு தூரத்தில் இரு கருந்துளைகள் மோதி ஒன்றான செய்தி அது. மற்றையது 2019 ஏப்ரல் 10ஆம் திகதி வெளியான படம். எம்-87 என்ற பால்வெளியின் நடுவே, சூரியனைப் போல் 650 கோடி மடங்கு திணிவுள்ள கருந்துளையின் நிழலும் அதைச் சூழ்ந்த ஒளி வளையமும் அதில் தெரிந்தன.

அந்தப் படத்தின் பின்னால் உள்ள கதையைச் சொல்லாமல் படத்தை மட்டும் மாட்டி வைப்பது வீண். 2017 ஏப்ரலில் ஹவாய், அரிசோனா, மெக்சிக்கோ, சிலி, ஸ்பெயின், தென்துருவம் ஆகிய ஆறு இடங்களிலிருந்த எட்டுத் தொலைநோக்கிகள் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் திரும்பின. கிடைத்த தரவு இணையத்தில் அனுப்ப முடியாத அளவு பெரியது. வன்தட்டுகளைப் பெட்டிகளில் அடுக்கி, விமானத்தில் ஏற்றி, அமெரிக்காவிலும் ஜேர்மனியிலும் உள்ள இரு நிலையங்களுக்குக் கொண்டுபோனார்கள். தென்துருவத்துப் பெட்டிகள் மட்டும், குளிர்காலம் முடிந்து விமானம் பறக்கும் வரை மாதக்கணக்கில் அங்கேயே காத்துக் கிடந்தன. இன்னொன்றையும் அட்டையில் எழுத வேண்டும்: செம்மஞ்சள் நிறம் மனிதர் தெரிவு செய்தது. தொலைநோக்கிகள் பதிவு செய்தவை 1.3 மில்லிமீற்றர் அலைநீளமுள்ள வானொலி அலைகள். அவற்றுக்கு நிறம் கிடையாது.

சந்திரா என்ற பெயர்

2009 கண்காட்சியை உருவாக்கிய அதே ஹாவர்ட்-ஸ்மித்சோனியன் மையம்தான் 'சந்திரா' எக்ஸ் கதிர்த் தொலைநோக்கியையும் இயக்குகிறது. 1999 ஜூலை 23ஆம் திகதி கொலம்பியா விண்ணோடத்தில் ஏற்றிச் செல்லப்பட்ட அத்தொலைநோக்கிக்குப் பெயர் வைக்க ஒரு போட்டி நடந்தது. ஒரு பாடசாலை மாணவரும் ஓர் ஆசிரியரும் தனித்தனியே அனுப்பிய பெயர் தெரிவானது. அது சுப்பிரமணியன் சந்திரசேகரைக் குறிக்கும்.

லாகூரில் 1910இல் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்து சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர் அவர். 1930இல் மேற்படிப்புக்காக இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது வயது 19. எரிபொருள் தீர்ந்த விண்மீன் தன் எடையைத் தாங்கி நிற்பதற்கு ஓர் உச்ச அளவு உண்டு என்பதை அந்தப் பயணத்தில் கணக்கிட்டார். இன்று அந்த எல்லை சூரியத் திணிவின் ஏறக்குறைய 1.4 மடங்கு எனக் கொள்ளப்படுகிறது. அதற்கு மேற்பட்டது என்ன ஆகும்? சுருங்கிக்கொண்டே போகும். 1935 ஜனவரியில் லண்டனில் அரச வானியல் சங்கக் கூட்டத்தில் அவர் இதை முன்வைத்தபோது, அக்காலத்தின் மிகப் பெரிய வானியலாளரான ஆதர் எடிங்டன் எழுந்து எல்லோர் முன்னிலையிலும் அதைப் பரிகசித்தார். விண்மீன் அப்படி நடந்துகொள்வதை இயற்கையின் ஏதோ ஒரு விதி தடுத்தாக வேண்டும் என்பது எடிங்டனின் வாதம். அப்படி ஒரு விதி இல்லை. சந்திரசேகர் சண்டைக்கு நிற்கவில்லை. 1937இல் சிக்காகோ பல்கலைக்கழகத்துக்குப் போய் வேறு துறைகளில் வேலை செய்தார். நோபல் பரிசு 1983இல்தான் வந்தது.

கருந்துளைக் கண்காட்சிகளில் ஐன்ஸ்டைனின் படம் வாசலில் இருக்கும். சந்திரசேகரின் படம் எங்கோ ஒரு மூலையில் இருக்கும், சில வேளை இருக்கவே இருக்காது. ஐன்ஸ்டைன் 1939இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை ஒன்று, கருந்துளை போன்றது இயற்கையில் உருவாக முடியாது என்றே வாதிட்டது. அதே ஆண்டில் ஒப்பன்ஹைமரும் அவரது மாணவர் ஸ்னைடரும் அது உருவாக முடியும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். பெரியவர்கள் பிழைவிட்ட இந்த இடங்களையும் சுவரில் எழுதும் கண்காட்சியே நேர்மையானது என்று நினைக்கிறேன்.

துணியும் குண்டும்

வட்டச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய இறப்பர்த் துணி, நடுவில் பாரமான குண்டு, அதைச் சுற்றி உருட்டிவிடும் சிறு குண்டுகள். ஈர்ப்பை விளக்க இதைவிட மலிவான கருவி கிடையாது. அநேகமாக எல்லா விஞ்ஞானக் கண்காட்சிகளிலும் இது இருக்கும். பிள்ளைகள் அதை விட்டு நகர மாட்டார்கள்.

ஆனால் இதில் இரண்டு பிழைகள் ஒளிந்திருக்கின்றன. துணி வளைவது கீழே பூமி இழுப்பதால். அதாவது ஈர்ப்பை விளக்க ஈர்ப்பையே பயன்படுத்துகிறோம். இரண்டாவது, உராய்வினால் சிறு குண்டு வேகம் இழந்து எப்போதும் நடுவில் போய் விழுகிறது. பார்த்துவிட்டுப் போகும் பிள்ளை 'எல்லாம் கடைசியில் உள்ளே இழுபடும்' என்ற பழைய எண்ணத்தையே உறுதிப்படுத்திக்கொண்டு போகிறது. பக்கத்தில் நிற்கும் விளக்குநர் 'வானத்தில் உராய்வு இல்லை, ஆகவே இது சுற்றிக்கொண்டே இருக்கும்' என்று ஒரு வசனம் சொன்னால் பாதிப் பிழை தீரும். ஆள் இல்லாமல் இந்தக் கருவியை வைக்கக் கூடாது.

காலம் மெதுவாக ஓடும் என்பதை நம்ப வைப்பது இன்னும் கடினம். கையிலிருக்கும் தொலைபேசி அதற்கு உதவும். இடங்காட்டிச் செய்மதிகளிலுள்ள கடிகாரங்கள் பூமியிலுள்ளவற்றைவிட நாளொன்றுக்கு 38 மைக்ரோசெக்கன் முந்தி ஓடுகின்றன. ஈர்ப்புக் குறைந்த இடத்தில் காலம் வேகமாகப் போவதுதான் முதன்மைக் காரணம். திருத்தாமல் விட்டால் ஒரே நாளில் 10 கிலோமீற்றருக்கு மேல் இடம் பிசகும். பூமியின் சிறிய ஈர்ப்பே இவ்வளவு செய்யுமானால், கருந்துளையின் விளிம்பில் என்ன நடக்கும் என்ற கேள்வியைப் பார்வையாளரே கேட்பார்.

உள்ளே விழுந்தால் என்ன ஆகும் என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. தலைக்கும் காலுக்கும் கிடைக்கும் ஈர்ப்பு வித்தியாசத்தால் உடல் நீளமாக இழுபடும். ஆங்கிலத்தில் இதற்கு இத்தாலிய நூல் உணவின் பெயரை வைத்திருக்கிறார்கள். நமக்கு இடியப்ப உரல் போதும். சிறிய கருந்துளையில் எல்லையைத் தொடும் முன்னரே இது நடந்துவிடும். எம்-87இல் உள்ளது போன்ற மாபெரும் கருந்துளையில், எல்லையைத் தாண்டும் கணத்தில் எதுவும் உணராமலே உள்ளே போகலாம். திரும்பி வருவதுதான் நடக்காது.

லொறியில் ஏறும் நூதனசாலை

நடமாடும் கண்காட்சி ஓரிடத்தில் பெரும்பாலும் மூன்று மாதம் நிற்கும். பிறகு கழற்றி, பெட்டியில் அடைத்து, லொறியில் ஏற்றி, அடுத்த ஊரில் வேறு ஆட்கள் பூட்ட வேண்டும். வடிவமைப்பைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இந்தச் சங்கடம்தான். எந்தத் துண்டும் கதவை விட அகலமாக இருக்கக் கூடாது. ஒவ்வொரு மேசையும் தனித்து நிற்க வேண்டும், ஏனென்றால் அடுத்த மண்டபம் நீளமாக இருக்குமா சதுரமாக இருக்குமா என்று தெரியாது. பெட்டிகளுக்கு இலக்கம், எந்தப் பெட்டிக்குள் எது என்ற பட்டியல், பூட்டும் முறையைப் படத்துடன் காட்டும் கைநூல், மாற்று ஆணிகள், மாற்று விளக்குகள் எல்லாம் கூடவே போகும். ஒவ்வொரு ஊரிலும் பெட்டியைத் திறந்தவுடன் எது உடைந்தது, எது கீறுப்பட்டது என்று ஓர் அறிக்கை எழுதிக் கையொப்பம் இடுவார்கள். பிணக்கு வந்தால் அந்தத் தாள்தான் சாட்சி.

பார்வையாளர்களின் நேரமும் குறைவு. பெவர்லி செரெல் என்ற அமெரிக்க ஆய்வாளர் பல கண்காட்சிகளில் ஆட்களைப் பின்தொடர்ந்து கணக்கெடுத்து 1998இல் வெளியிட்ட ஆய்வின்படி, பெரும்பாலானோர் ஒரு கண்காட்சியில் 20 நிமிடத்துக்கும் குறைவாகவே செலவிடுகிறார்கள். ஆகவே அட்டைகளில் ஐம்பது அறுபது சொற்களுக்கு மேல் எழுதுவதில்லை. மூன்று மொழிகளில் எழுத வேண்டிய நமது நாட்டில் இது இன்னும் கடுமையாகும். ஒரே விடயம் தமிழில் எழுதும்போது ஆங்கிலத்தைவிட நீண்டு போவது மொழிபெயர்ப்பவர்கள் எல்லோரும் அறிந்தது. எழுத்தைச் சிறிதாக்குவதற்குப் பதிலாக வசனத்தைக் குறைப்பதே சரியான வழி.

சக்கர நாற்காலிக்கு வழி விடுவதும் வடிவமைப்பின் முதல் நாளிலேயே முடிவாக வேண்டியது. அமெரிக்காவில் பாதை குறைந்தது 36 அங்குல அகலம் இருக்க வேண்டும், மேசைக்கு அடியில் முழங்கால் நுழைய 27 அங்குல உயரம் இருக்க வேண்டும் என்பது நியமம். பிறகு பார்ப்போம் என்று விட்ட இடங்களில் அது ஒருபோதும் நடப்பதில்லை. செயற்கைக் காலுடன் நடப்பவருக்குச் சக்கர நாற்காலி வேண்டாம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை உட்கார ஒரு வாங்கு வேண்டும்.

இன்னொரு விடயம் நமது மக்களுக்காகவே யோசிக்க வேண்டியது. கருந்துளைக் காட்சிகளை அமைப்பவர்கள் இருட்டறை, திடீர் வெளிச்சம், நிலம் அதிரும் முழக்கம் ஆகியவற்றை விரும்பிப் பயன்படுத்துவார்கள். செல் விழும் ஓசையை மறக்க முடியாத ஒருவருக்கு அது கண்காட்சியாக இருக்காது. எந்த அறை இருட்டு, எந்த மேசையில் சத்தம் வரும் என்று வாசலிலேயே ஒரு வரைபடம் வைப்பதும், வாரத்தில் சில மணித்தியாலங்கள் ஒலியைக் குறைத்துத் திறப்பதும் வெளிநாட்டு நூதனசாலைகள் பலவற்றில் இப்போது வழக்கமாகிவிட்டது. எந்த இருட்டறைக்கும் உள்ளே நுழையாமல் சுற்றிப் போகும் ஒரு வழியும் வேண்டும்.

தொட்டும் கேட்டும்

பார்வை இல்லாதவருக்குக் கருந்துளையை எப்படிக் காட்டுவது என்று கேட்பவர்கள், பார்வையுள்ளவர்களுக்கும் அது தெரியாது என்பதை மறந்துவிடுகிறார்கள். எக்ஸ் கதிரையும் வானொலி அலையையும் எந்த மனிதக் கண்ணும் கண்டதில்லை. தரவாக வருவது எண்கள். அவற்றைப் படமாக்குவது ஒரு மொழிபெயர்ப்பு. ஒலியாகவோ விரலால் தடவும் மேடுபள்ளமாகவோ மாற்றுவதும் அதே அளவு மதிப்புள்ள மொழிபெயர்ப்புத்தான்.

புவேர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்த வானியலாளர் வாண்டா டியாஸ் மெர்செட் நோயினால் இளம் வயதில் பார்வையை இழந்தவர். தரவுகளை ஒலியாக மாற்றி, செவியால் கேட்டு ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். திரையில் இரைச்சலுக்குள் மறைந்துவிடும் மாற்றங்களைச் செவி பிடித்துக்கொள்ள முடியும் என்பதைக் காட்டியவர்களில் அவர் முக்கியமானவர். ஹாவர்ட்-ஸ்மித்சோனியன் மையத்திலும் அவர் பணியாற்றினார்.

சந்திரா குழுவினர் 2020 முதல் தமது படங்களை ஒலியாக்கி வெளியிட்டு வருகிறார்கள். அவற்றில் மிகவும் பேசப்பட்டது பெர்சியஸ் பால்வெளிக் கொத்தின் ஒலி. சுமார் 250 மில்லியன் ஒளியாண்டு தூரத்திலுள்ள அக்கொத்தின் நடுவிலிருக்கும் கருந்துளை, சுற்றியுள்ள சூடான வாயுவில் உண்மையான அழுத்த அலைகளை எழுப்புகிறது. 2003இல் அதன் சுருதியைக் கணித்தார்கள். பியானோவின் நடுச் சுரத்திலிருந்து 57 ஸ்தாயி கீழே. 2022இல் அதை 57, 58 ஸ்தாயி மேலே தூக்கி மனிதச் செவிக்கு எட்டச் செய்தார்கள். லைகோ பதிவு செய்த மோதலுக்கு அவ்வளவு தூக்க வேண்டியதில்லை. அதன் அதிர்வெண் 35 ஹேர்ட்ஸிலிருந்து 250 ஹேர்ட்ஸ் வரை ஏறியது. அப்படியே ஒலிபெருக்கியில் போட்டால், தாழ்ந்த சுருதியில் சட்டென்று எழுந்து நின்றுவிடும் ஒரு 'தும்' ஒலிபோல் கேட்கும். மொத்தம் கால் செக்கனும் இல்லை.

எஸ்-2இன் பாதையை மேடான கோடாக ஒரு பலகையில் பதித்து, கருந்துளையின் இடத்தில் மட்டும் எதையும் பதிக்காமல் விட்டால், விரல் கோட்டைப் பின்பற்றிப் போய் அந்த வெறுமையைச் சுற்றி வளைந்து திரும்பும். போரில் கண்ணிழந்த ஒருவரும் கண்ணுள்ள அவர் பிள்ளையும் அந்தப் பலகை முன்னால் ஒரே நிலையில்தான் நிற்பார்கள். இதற்கு முப்பரிமாண அச்சு இயந்திரம் அவசியமில்லை. தடித்த நூலும் பசையும் போதும்.

ஒரு பாடசாலை மண்டபத்துக்கு

பொஸ்டன் கண்காட்சியின் அளவில் இங்கே எவரும் தொடங்க வேண்டியதில்லை. 2009 சர்வதேச வானியல் ஆண்டில் சந்திரா குழுவினர் முன்னெடுத்த இன்னொரு திட்டம் வேறு வழியில் போனது. பெட்டியும் லொறியும் இல்லை. தெரிவு செய்த படங்களை இணையத்தில் வைத்துவிட்டார்கள். அந்தந்த ஊர்க்காரர் தமது மொழியில் எழுதி அச்சிட்டு, பூங்காக்களிலும் விமான நிலையங்களிலும் வைத்தியசாலைகளிலும் சிறைச்சாலைகளிலும் மாட்டினார்கள். நூதனசாலை வாசலை மிதிக்காதவர்களும் பார்த்தார்கள்.

அந்த வழி இன்றும் திறந்திருக்கிறது. சந்திராவின் படங்களையும் ஒலிகளையும் கல்விப் பயன்பாட்டுக்குக் கட்டணமின்றி எடுக்கலாம். எம்-87 படத்தையும் உரியவர்களின் பெயரைக் குறிப்பிட்டுப் பயன்படுத்தலாம். பன்னிரண்டு படங்கள், ஒரு போளை, இறப்பர்த் துணி, ஒலிபெருக்கி, நூல் ஒட்டிய பலகை, விளக்கம் சொல்லப் பழகிய நான்கு உயர்தர மாணவர்கள். இவை ஒரு முச்சக்கர வண்டிக்குள் அடங்கும். மாணவர்களைப் பழக்குவதற்குத்தான் அதிக நாள் பிடிக்கும். தெரியாத கேள்வி வந்தால் தெரியாது என்று சொல்லவும் பழக்க வேண்டும்.

அச்சிடும்போது ஒன்றைக் கவனியுங்கள். விண்வெளிப் படங்களில் கறுப்பே பெரும் பகுதி. பளபளப்பான தாளில் அச்சிட்டால் மண்டபத்து விளக்குகள் அதில் தெறித்து, பார்ப்பவருக்குத் தன் முகம்தான் தெரியும். மங்கிய தாள் வேண்டும் என்று அச்சகத்தில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.